ஒரு சாண் தூரத்துக்கு 49 ஆண்டுகள்

இந்த மாதப் பாடத்தை ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். பயப்படாதீங்க, ஆறாம் ஆண்டு பிள்ளை போடக்கூடிய கணக்குதான்.

ஓர் ஓட்டக்காரர் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடுகிறார். இன்னொருவர் அதே தூரத்தை 20.90 வினாடியில் ஓடுகிறார். இருவரையும் அடுத்தடுத்த தடத்தில் ஓடவிட்டால், வேகமானவர் எல்லைக் கோட்டைத் தொடும் நேரத்தில் மற்றவர் எவ்வளவு பின்னால் இருப்பார்? 200-ஐ 20.92-ஆல் வகுத்தால் வினாடிக்கு ஏறக்குறைய 9.56 மீட்டர். அதை 0.02-ஆல் பெருக்குங்கள். 19 சென்டிமீட்டர் வரும். கையை அகல விரித்துக் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை வைத்துப் பாருங்கள். பெரியவர்கள் கைக்கு அது ஒரு சாண்கூட இல்லை.

அந்த ஒரு சாணைத் தாண்ட நம் நாட்டுக்கு 49 ஆண்டுகள் பிடித்தன. 20.92 என்பது 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் டாக்டர் எம். ஜெகதீசன் ஓடிய நேரம். 20.90 என்பது 2017-இல் புக்கிட் ஜாலிலில் கைருல் ஹாபிஸ் ஜந்தான் ஓடிய நேரம். கைருல் யார் தெரியுமா? நம்ம மலாக்காக்காரர். 2016-இல் சரவாக்கில் நடந்த சுக்மாவில் மலாக்கா சட்டை போட்டு 100 மீட்டரை 10.18 வினாடியில் ஓடித் தேசியச் சாதனையை உடைத்தவர். அடுத்த ஆண்டு கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் தங்கமும் அவருக்குத்தான். அப்போது அலோர் காஜாவில் எங்கள் பையன்கள் எல்லாரும் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கடைத் தொலைக்காட்சி முன்னால் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அவர் உடைத்த அந்த 200 மீட்டர் சாதனை யாருடையது என்று நம் வகுப்பில் கேட்டபோது ஒரு கைகூட உயரவில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். வெளிநாட்டு ஏடுகளில் அவர் பெயர் ‘மணி ஜெகதீசன்’ என்று இருக்கும். படிக்கிறவர்கள் ‘மணி’ என்பது அவர் செல்லப்பெயர் என்று நினைப்பார்கள். உண்மையில் அது அவருடைய தந்தை பெயரின் பாதி. முழுப்பெயர் மாணிக்கவாசகம் ஜெகதீசன். திருவாசகம் தந்தவரின் பெயர் முன்னால், உலகுக்கே ஈசன் என்ற பெயர் பின்னால். மலேசியத் தமிழனின் முதலெழுத்தை வெள்ளைக்காரன் எப்படிப் புரிந்துகொள்வான் என்பதற்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு. உங்கள் ஐ.சி.யில் இருக்கும் ‘அ/லெ’, ‘அ/பெ’-யை விமான நிலையத்தில் விளக்கிச் சொன்னவர்களுக்கு இது புரியும்.

1943 நவம்பர் 2-ஆம் தேதி, ஜப்பான்காரன் காலத்தில், பேராக் கோலகங்சாரில் பிறந்தார். 1960-இல் ரோம் ஒலிம்பிக்குக்கு மலாயா அனுப்பிய குழுவில் அவர் இருந்தார். அப்போது வயது 16. நான்காம் படிவம், ஐந்தாம் படிவம் படிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அங்கே அவர் ஓடியது 400 மீட்டர். அதே ரோமில் அதே 400 மீட்டரில்தான் இந்தியாவின் மில்கா சிங் நான்காவதாக வந்து மயிரிழையில் பதக்கத்தை விட்டார். நம் பையன் இறுதிக்கெல்லாம் போகவில்லை. போகும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் 16 வயதில் உலகத்திலேயே வேகமானவர்கள் எப்படி உடல் சூடேற்றுகிறார்கள், எப்படிக் கட்டையில் கால் வைக்கிறார்கள், தோற்றுவிட்டு எப்படி நடந்து போகிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் அவன். அந்தப் படிப்புக்குப் புத்தகம் கிடையாது.

அதற்குப் பிறகு நடந்தது ஒவ்வொரு இரண்டு ஆண்டுக்கும் ஒரு படி. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் தங்கம், வயது 18. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதி. அந்தக் காலத்தில் அரையிறுதி என்றால் இரண்டு ஓட்டம், ஓட்டத்துக்கு எட்டுப் பேர். அதாவது பூமியிலேயே 16 பேரில் ஒருவர். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 தொடர் ஓட்டம் என மூன்று தங்கம். 100 மீட்டர் தங்கம் வாங்கியவரை ‘ஆசியாவின் வேகமான மனிதர்’ என்பார்கள். அந்தப் பட்டம் மீண்டும் மலேசியாவுக்கு வர 1982-இல் டெல்லியில் ரபுவான் பிட் ஓடும் வரை 16 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1966-இல்தான் நாட்டின் சிறந்த விளையாட்டாளர் விருதும் தொடங்கியது. முதல் ஆண்டு ஆண்கள் விருது ஜெகதீசனுக்கு. பெண்கள் விருது எம். ராஜாமணிக்கு. தாப்பாவைச் சேர்ந்த ராஜாமணி அதே பேங்காக்கில் 400 மீட்டர் தங்கம் வென்றவர். இரண்டு விருதும், முதல் ஆண்டே, இரண்டு தமிழர்களுக்கு. (ராஜாமணி அக்காவுக்கு இந்த ஒரு வரி போதாது. தனியாக ஒரு பாடமே எழுத வேண்டும், எழுதுகிறேன்.)

பிறகு 1968 மெக்சிகோ. மறுபடியும் 200 மீட்டர், மறுபடியும் அரையிறுதி, அந்த 20.92.

இங்கே கொஞ்சம் நின்று அறிவியல் பேசலாம். மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்ம ஜெந்திங் மலையைவிட உயரம். அங்கே காற்று மெலிசு. நீண்ட தூரம் ஓடுகிறவனுக்கு அது நரகம், மூச்சு போதாது. குறுகிய தூரம் ஓடுகிறவனுக்கு அது லாபம். மணிக்கு 34 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனைப் பிடித்து இழுப்பது காற்றுதானே? அது மெலிசானால் இழுவை குறையும். இன்னொன்று, ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தடம் போட்டது அந்த மெக்சிகோவில்தான். அதுவரை கரித்தூள் தடம். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. ஆகவே 20.92-ஐயும் 20.90-ஐயும் அப்படியே ஒரே தராசில் வைக்க முடியாது. கைருல் ஓடியது சமவெளியில், கனத்த காற்றில். அதே சமயம் ஜெகதீசனுக்கு இன்றைய சப்பாத்து கிடையாது, உணவு நிபுணர் கிடையாது, முழுநேரப் பயிற்சியும் கிடையாது. யார் பெரியவர் என்று நம் பையன்கள் வாட்ஸ்அப்பில் சண்டை போட்டார்கள். சண்டை போடட்டும், நல்லதுதான், காற்றழுத்தமாவது படிப்பார்கள்.

முழுநேரப் பயிற்சி கிடையாது என்றேன். ஏன் தெரியுமா? அந்த எட்டு ஆண்டுகளில் பெரும்பகுதி அவர் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர். 1967-இல் டாக்டர் பட்டம். மெக்சிகோவில் ஓடும்போது அவர் டாக்டர் ஜெகதீசன். ‘பறக்கும் டாக்டர்’ என்ற பட்டப்பெயர் அப்படி வந்தது. சின்னப் பிள்ளைகளிடம் சொன்னால் ஹெலிகாப்டரில் போய் ஊசி போட்டவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்!

இப்போதுதான் பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தக் கதையை நம் வீடுகளில் சொன்னால் அப்பா அம்மா உடனே என்ன சொல்வார்கள்? “பார்த்தியா, ஓடினாலும் டாக்டருக்குப் படிச்சாரு. நீ ஓடறே, கணக்குல தோத்துட்டு வர்றே.” ஜெகதீசனை எடுத்துப் பிள்ளை தலையில் குட்டுவதற்குப் பயன்படுத்திவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கதை அவ்வளவு சின்னதும் இல்லை.

அன்றைக்கு ஓடினால் சோறு கிடைக்காது. சொல்லப்போனால் ஓட்டத்துக்குக் காசு வாங்குவதே குற்றம். ஒலிம்பிக்கில் ஓட வேண்டும் என்றால் அமெச்சூராக இருக்க வேண்டும். பரிசுப் பணம் வாங்கியவனைத் தள்ளி வைத்துவிடுவார்கள். அதனால் உலகம் முழுக்க ஓட்டக்காரனுக்கு இன்னொரு பிழைப்பு வேண்டியிருந்தது. அமெரிக்காவைப் பாருங்கள். 1964 தோக்கியோவில் 100 மீட்டர் தங்கம் வென்ற பாப் ஹேய்ஸ் நேராக அமெரிக்கக் கால்பந்துக்குப் போய் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியில் சேர்ந்தார். அந்தப் பந்தாட்டத்தில் காசு உண்டு. 1968-இல் நம் ஜெகதீசன் ஓடிய அதே 200 மீட்டரில் 19.83 வினாடியில் தங்கம் வென்றவர் டாமி ஸ்மித். பதக்க மேடையில் கறுப்புக் கையுறை போட்ட கையை உயர்த்தி, கறுப்பின மக்களுக்காகத் தலைகுனிந்து நின்றாரே, அவர்தான். அதற்காக அவரையும் ஜான் கார்லோசையும் அணியிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். உலகச் சாதனை படைத்த அந்தக் காலை வைத்து ஓட்டத்தில் அவர் பிழைக்க முடியவில்லை. அவரும் கொஞ்ச காலம் அமெரிக்கக் கால்பந்து அணியில் இருந்து பார்த்தார். பிறகு பயிற்றுநராக, ஆசிரியராக வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். அமெரிக்காவில் வேகமான காலுக்குப் பந்தாட்டம் ஒரு வழி. நமக்கு அந்த வழி இல்லை. ஜெகதீசனுக்கு ஸ்டெதஸ்கோப் வழி.

இன்னும் பழைய கதை ஒன்று இருக்கிறது, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும். இங்கிலாந்தில் ரக்பி ஆட்டம் ஒன்றாகத்தான் இருந்தது. தெற்கே ஆடியவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள். வடக்கே ஆடியவர்கள் நிலக்கரிச் சுரங்கத்திலும் நெசவு ஆலையிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் வேலைக்குப் போக முடியாது, அன்றைய கூலி போச்சு. “இழந்த கூலியை மட்டுமாவது கொடுங்க” என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன. மேலே இருந்த கனவான்கள் “கூடாது, விளையாட்டு தூய்மையாக இருக்க வேண்டும்” என்றார்கள். 1895 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஹடர்ஸ்பீல்ட் நகரில் ஒரு ஹோட்டலில் கூடி வடக்கத்திக் கிளப்புகள் பிரிந்து போயின. இழந்த வேலைக்கு ஒரு நாளைக்கு ஆறு ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று விதி வைத்துக்கொண்டன. அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்ததுதான் ரக்பி லீக். நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் பதினைந்து பேர் ஆடும் ரக்பி வேறு, பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் வேறு. பிரிவினைக்குக் காரணம் ஆட்ட விதி இல்லை, ஒரு நாள் கூலி.

ஒரு நாள் கூலி. இந்த மூன்று சொல்லைக் கேட்டால் நம் தாத்தா பாட்டிக்கு வேறு விளக்கம் தேவையில்லை. விடிவதற்கு முன் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். பெயர் விழாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்றைக்கும் கூலி பாதிதான், சில இடங்களில் அதுவும் இல்லை. அந்த வாழ்க்கையில் ஒருவன் மாநிலப் போட்டிக்குப் போக மூன்று நாள் விடுப்பு எடுத்தால் அந்த மூன்று நாள் அடுப்பு எப்படி எரியும்? நம் மலாக்காவில் ஜாசின் பக்கமும் அலோர் காஜா பக்கமும் எத்தனையோ தோட்டங்களில் நல்ல ஓட்டக்காரர்கள் இருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தீபாவளிக்கு மறுநாள் தோட்டத் திடலில் நடந்த ஓட்டத்தில் வெறுங்காலோடு ஓடியவர்கள். அவர்களுடைய நேரத்தை எந்தக் கடிகாரமும் குறிக்கவில்லை.

ஜெகதீசனின் தந்தை கூலிக்காரர் இல்லை, ஆசிரியர், ஓட்டப்பந்தய நிர்வாகத்திலும் இருந்தவர். வீட்டில் புத்தகமும் இருந்தது, ஓட்டத்தை மதிக்கிற அப்பாவும் இருந்தார். இதைச் சொல்வது அவர் சாதனையைக் குறைக்க இல்லை. 20.92-ஐ அப்பா ஓடித் தர முடியாது. ஆனால் “அவரால் முடிஞ்சது, உன்னால ஏன் முடியல” என்று ஒரு பிள்ளையைக் கேட்பதற்கு முன்னால், அந்தப் பிள்ளையைத் திடலுக்குக் கொண்டுபோய் விட யாராவது இருக்கிறார்களா என்று நாம் கேட்க வேண்டும் அல்லவா?

போன ஆண்டு எங்கள் வகுப்பில் நான்காம் படிவத்துத் தங்கை ஒருத்தி. பள்ளிக் குறுக்கோட்டத்தில் முதல். மாவட்டத்தில் ஓடி மாநிலத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். வீட்டில் அம்மா வேண்டாம் என்றுவிட்டார். நானும் இன்னொரு அக்காவும் பேசப் போனோம். அம்மா கோபப்படவில்லை, தேநீர் கலக்கிக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “தம்பி, எனக்கு அவ ஓடறது பிடிக்கும். நானே தோட்டத்துல ஓடினவதான். ஆனா பயிற்சி முடியறப்போ ஏழு மணி. பஸ் கிடையாது. அவங்க அப்பா பேக்டரில ரெண்டாவது ஷிப்ட். யார் போய்க் கூட்டிட்டு வர்றது? அடுத்த வருஷம் எஸ்.பி.எம். வேற.” கவனித்தீர்களா? படிப்பா விளையாட்டா என்ற கேள்வி அந்த வீட்டில் இரண்டாவது வரியில்தான் வருகிறது. முதல் வரி, ஏழு மணிக்கு யார் போய்க் கூட்டிக்கொண்டு வருவது.

தோட்டத்தில் இருந்தபோது திடல் வீட்டு வாசலில் இருந்தது. எல்லாத் தோட்டத்திலும் ஒரு பந்துத் திடல், பக்கத்தில் கோயில், கொஞ்சம் தள்ளிப் பள்ளி. தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போன பிறகு நம் குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்கு வந்துவிட்டன. வீடு கிடைத்தது, சிலருக்கு நல்ல வீடும் கிடைத்தது. கோயிலையும் எப்படியோ கூடவே கொண்டுவந்துவிட்டோம். திடலை மட்டும் கொண்டுவர முடியவில்லை. இப்போது நல்ல தடம் வேண்டும் என்றால் குருபோங் ஹங் ஜெபாட் ஸ்டேடியம் வரை போக வேண்டும். மெர்லிமாவிலிருந்தோ தெபோங்கிலிருந்தோ ஒரு பிள்ளை தினமும் எப்படிப் போகும்?

(அந்தத் தங்கை விஷயம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். மூன்று வீட்டு அண்ணன்மார் முறை வைத்து வாரம் மூன்று நாள் காரில் கூட்டிவந்தார்கள். கூடவே அம்மாவின் சித்தி மகள் ஒருவர் வருவார். எஸ்.பி.எம். ஆண்டில் அவளே ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டாள். மாநில அணியில் இடம் கிடைக்கவில்லை, இருப்பில் வைத்திருந்தார்கள். இன்னும் ஓடுகிறாள்.)

சரி, ஜெகதீசன் கதையின் மறுபாதி பாக்கி இருக்கிறது. பெரும்பாலோர் மெக்சிகோவோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்குப் பிறகு வருவதுதான் அதிகம் பிடிக்கும்.

தன் வாழ்நாளின் மிகச் சிறந்த நேரத்தை ஓடியபோது அவருக்கு வயது 25-கூட ஆகவில்லை. அதோடு பெரிய போட்டிகளை விட்டுவிட்டார். இன்றைய ஓட்டக்காரர்கள் 30 தாண்டியும் ஓடுகிறார்கள். அவர் கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக் கழகத்துக்குப் போனார். 1900-இல் தொடங்கிய பழைய நிறுவனம் அது. மலேரியா, பெரிபெரி என்று தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் ஆட்களைக் கொத்துக் கொத்தாய்க் கொண்டுபோன நோய்களை ஆராய்ந்த இடம். அங்கே அவர் எடுத்துக்கொண்ட துறை நுண்ணுயிரியல். குடல் காய்ச்சல் என்கிற டைபாய்டு, வயிற்றுப்போக்கு, அவற்றை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி வகைகள், இவைதான் அவர் ஆய்வு. மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் கைதட்டிய மனிதர், கைதட்ட யாரும் இல்லாத அறையில் உட்கார்ந்து, நோயாளிகளின் மலமாதிரியில் கிருமி வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஆற்றுத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் குடித்த மக்களுக்கு அந்த ஆய்வின் அருமை தெரியும். படிப்படியாக அந்தக் கழகத்தின் இயக்குநர் ஆனார். பிறகு நாட்டின் சுகாதாரத் துணைத் தலைமை இயக்குநர். டான்ஸ்ரீ பட்டமும் பெற்றார்.

விளையாட்டையும் அவர் முழுக்க விடவில்லை. மலேசிய ஒலிம்பிக் மன்றத்தில் பொறுப்பு, ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுத் தலைமை, காமன்வெல்த் விளையாட்டுச் சம்மேளனத்துக்கு மருத்துவ ஆலோசனை. இதெல்லாம் மாலை போட்டு மேடையில் உட்காரும் பதவி என்று நினைக்காதீர்கள். பெரிய போட்டிகளில் மருத்துவக் குழுவுக்கு இருக்கும் தலைவலியே ஊக்கமருந்துதான். பதக்கம் வென்றவரை உடனே ஓர் அலுவலர் பின்தொடர்வார், கண்ணைவிட்டு மறைய விடமாட்டார். அவர் எதிரிலேயே சிறுநீர் மாதிரி கொடுக்க வேண்டும். அது ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு குப்பிகளில் பிரித்து முத்திரை வைக்கப்படும். ‘ஏ’ குப்பியில் மருந்து தெரிந்தால், விளையாட்டாளர் கேட்டால் ‘பி’ குப்பியைத் திறந்து மறுபடி சோதிப்பார்கள். இரண்டிலும் இருந்தால் பதக்கம் போகும். இந்த வேலைக்கு என்ன தகுதி வேண்டும்? ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதிரி எப்படிக் கெட்டுப்போகும், எப்படிக் கலப்படமாகும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதோடு, ஓட்டம் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவன் முன்னால் குப்பியை நீட்டினால் அவன் மனநிலை எப்படி இருக்கும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் தெரிந்த ஆள் ஆசியாவில் எத்தனை பேர்? ஓடிய எட்டு ஆண்டும் ஆய்வுக்கூடத்தில் கழிந்த ஆண்டுகளும் வந்து கைகோத்த இடம் இதுதான்.

காலம் மாறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இன்று விளையாட்டிலேயே பிழைக்க முடியும், எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு. ஒலிம்பிக் தங்கத்துக்கு அரசாங்கம் பத்து லட்சம் ரிங்கிட் அறிவித்திருக்கிறது. சுங்கை பட்டாணியைச் சேர்ந்த சிவசங்கரி சுப்பிரமணியத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அதன் அணிக்கு ஸ்குவாஷ் ஆடினார். அங்கே கல்லூரியும் விளையாட்டும் ஒரே வளாகத்தில் இருக்கும், பயிற்சிக்கு பஸ் பிடிக்க வேண்டியதில்லை. 2022 ஜூன் மாதம் கார் விபத்தில் கழுத்திலும் முகத்திலும் பலத்த காயம். பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்குப் போக முடியவில்லை. அடுத்த ஆண்டே ஹாங்சோவ் ஆசிய விளையாட்டில் தனிநபர் தங்கம். 2024-இல் லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் போட்டியில் பலமுறை உலக வெற்றியாளரான எகிப்தின் நூர் எல் ஷெர்பினியை வீழ்த்தி, பட்டத்தையும் வென்றார். ஸ்குவாஷ் அவருக்குத் தொழில். ஜெகதீசன் காலத்தில் இந்த வார்த்தையையே சொல்ல முடியாது.

ஆனால் உங்களில் பலருக்கு விளையாட்டு தொழில் ஆகப் போவதில்லை. அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. கைருல் மாதிரி ஒருவர் வர நூறு பேர் ஓட வேண்டும், அந்த நூறில் தொண்ணூற்றொன்பது பேர் வேறு வேலைக்குப் போவார்கள். அவர்களுக்கும் ஓட்டத்தால் கிடைப்பது உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு. பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று எந்த நிலையில் ஓடினீர்களோ அதற்கேற்ற புள்ளி. ஒரே மாதிரி தேர்ச்சி வைத்திருக்கும் இரண்டு பிள்ளைகளில் யாருக்கு இடம் என்பதை இந்தப் பத்தும் முடிவு செய்துவிடும். இதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லுங்கள். சான்றிதழ்களை அலமாரிக்கு மேலே போடாமல் ஒரே கோப்பில் வையுங்கள், கறையான் அரித்துவிட்டது என்று பிறகு என்னிடம் வராதீர்கள்.

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டில் இருக்கும் பெரியவர்களில் யார் ஓடினார்கள், யார் பந்து ஆடினார்கள், யார் கபடி பிடித்தார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, திடல் எந்தப் பக்கம் இருந்தது, இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது, எதனால் நிறுத்தினார்கள் என்பதையும் கேளுங்கள். பாட்டிகளைக் கேட்க மறந்துவிடாதீர்கள். பழைய படம் இருந்தால் கைப்பேசியில் பிடித்து வாருங்கள், அசலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வகுப்பு வழக்கம்போல் ஞாயிறு காலை எட்டரைக்கு, பசியாறிவிட்டு வாங்க.